வாய்க்கால் கரை வழி, இருபத்தைந்து நிமிடம்

நவம்பர் 4, திங்கள்

ஓய்வு பெற்று ஒன்பது ஆண்டுகளுக்குப் பிறகு இன்று முதல் மணிக்குப் பள்ளியில் இருந்தேன். என்னிடம் அறிவியல் படித்த ஜெசிந்தா இப்போது திருநெல்வேலியில் உளவியல் பேராசிரியை. நடந்தோ சைக்கிளிலோ பள்ளிக்கு வரும் பிள்ளைகளுக்குக் காலையில் மூளை கொஞ்சம் முன்னதாக விழித்துக்கொள்கிறதா என்று பார்க்க வேண்டுமாம். ஒன்பதாம் வகுப்பு, முப்பத்தெட்டுப் பிள்ளைகள், ஐந்து வாரம். தினமும் ஒன்பது பத்துக்கு நான் ஒரு தாள் கொடுக்க வேண்டும். ஒரு பத்தியில் இருக்கும் 'ள' எல்லாவற்றையும் இரண்டு நிமிடத்தில் கோடு போட்டு அடிக்க வேண்டும். நான் வாசிக்கும் எண்களைத் தலைகீழாக எழுத வேண்டும். கடைசியில் ஒரு புதிர். மொத்தம் பத்து நிமிடம்.

"எனக்கு விடை இப்பவே தெரியும்" என்றேன் போனில்.

"தெரிஞ்சா தப்பு டீச்சர். தெரியாத மாதிரியே இருங்க" என்றாள்.

தெரியாமல் எப்படி இருப்பது? உதாரணத்துக்கு, காலையில் தெருக் குழாயைத் திறந்தால் முதலில் காற்று வரும், பிறகு செம்மண் தண்ணீர் வரும், கொஞ்ச நேரம் ஓடின பிறகுதான் தெளியும். வேனில் வரும் பிள்ளை முதல் மணியில் அந்தக் காற்றைத்தான் பிடிக்கிறது. நடந்து வரும் பிள்ளைக்குச் செம்மண் எல்லாம் வழியிலேயே ஓடிப்போகிறது. முப்பத்து மூன்று ஆண்டு பார்த்தது இது. இருந்தாலும் ஜெசிந்தா சொல்வதுபோல் தெரியாத மாதிரி இருக்கப் போகிறேன்.

வீட்டுக்கு வரப் பத்தரை மணி. உலகு எனக்கு இட்லி எடுத்து வைத்திருந்தாள். உலகம்மாள் என் தம்பி மனைவி. தம்பி மஸ்கட்டில் இருக்கிறான். இந்த வீட்டில் நாங்கள் இரண்டு பேர்தான்.

நவம்பர் 5, செவ்வாய்

இன்று படிவம் நிரப்பினோம். பெயர், எப்படி வருகிறாய், எத்தனை நிமிடம். ஜெசிந்தா அச்சடித்த படிவத்தில் இல்லாத ஒரு கேள்வியை நானாகப் பென்சிலால் சேர்த்தேன்: யாருடன்? பிள்ளைகளுக்குப் புரிய வேண்டுமே என்று ஒரு படிவத்தை நானே மாதிரிக்கு நிரப்பிப் பலகையில் ஒட்டினேன். உதாரணம் இல்லாமல் எனக்கு எதையும் சொல்லத் தெரியாது.

முப்பத்தெட்டுப் பேரும் 'நடந்து' என்று எழுதியிருந்தார்கள். என் கண் முன்னால் மஞ்சள் வேனிலிருந்து குதித்த பதினான்கு பேரும். சைக்கிள் கொட்டகையில் ஒன்பது சைக்கிள் நின்றது. அவற்றுக்கு ஒருவரும் சொந்தக்காரர் இல்லை.

நிவேதிகா எழுந்து, "டீச்சர், கேரியர் வச்சுத் தருவாவளா, இல்லாமலா?" என்று கேட்டபோதுதான் எனக்கு விளங்கியது. பதினொன்றாம் வகுப்பில் அரசாங்கம் சைக்கிள் கொடுக்கிறது. இந்த ஆண்டு ஒன்பதாம் வகுப்புக்கே கொடுக்கப் போகிறார்கள் என்று நேற்றே ஊருக்குள் பேச்சாகிவிட்டது. எப்படி வருகிறாய் என்று ஒரு தாள் கேட்டால் அது வேறு எதற்கு இருக்கும்?

"உனக்கு சைக்கிள் இருக்கே" என்று பேச்சிமுத்துவைக் கேட்டேன்.

"இருக்குனு எழுதுனா இன்னொண்ணு கிடைக்காதுல்லா டீச்சர்."

தர்க்கத்தில் அவனுக்கு ஒரு குறையும் இல்லை.

நவம்பர் 6, புதன்

படிவத்தை நம்ப முடியாது என்றானதும் ஆளுக்கொரு வெள்ளைத் தாள் கொடுத்து, வீட்டிலிருந்து பள்ளிக்கு வரும் வழியை வரையச் சொன்னேன். சைக்கிளுக்கும் இதற்கும் சம்பந்தமில்லை என்று நினைத்தார்களோ என்னவோ, உண்மையாக வரைந்தார்கள்.

வேன் பிள்ளைகளின் தாளில் ஒரு வீடு, ஒரு நீளக் கோடு, ஒரு பள்ளி. நிவேதிகா வேனின் உள்பக்கத்தை வரைந்திருந்தாள். யார் ஜன்னல் ஓரம், யார் யார் மடியில், சுடலை அண்ணன் கண்ணாடியில் தொங்கும் எலுமிச்சம்பழம். வேனுக்கு வெளியே ஒன்றும் இல்லை. ஆனால் வேன் முழுக்க இருந்தது. அதையும் குறைவு என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

நடந்து வருபவர்களின் தாளில் இடமே இல்லை. கடிக்கும் நாய், கடிக்காத நாய், உடைந்த மதகு, டீக்கடையில் தினமும் சண்டை போடும் இரண்டு பேர். முப்பிடாதி என்ற பெண், மீன்கொத்தி உட்காரும் கம்பத்தின் எண்ணைக்கூட எழுதியிருந்தாள்.

சைக்கிள்காரர்கள் ஏற்ற இறக்கத்தை வரைந்திருந்தார்கள். நடப்பவனுக்குத் தெரியாத மேடு சைக்கிளுக்குத் தெரியும்.

நவம்பர் 8, வெள்ளி

மழை. விடுமுறை. துணி காயவில்லை.

நவம்பர் 11, திங்கள்

முப்பிடாதியின் தாளில் ஒரு கணக்கு இடித்தது. பள்ளிக்கு வர இருபத்தைந்து நிமிடம் என்று படிவத்தில் எழுதியிருக்கிறாள். வரைபடத்திலோ அரிசி ஆலைக்குப் பின்னால் தென்னந்தோப்பு வழியாக ஒரு பாதை நேராகப் பள்ளியின் பின்கேட்டுக்கு வருகிறது. அதில் வந்தால் பாதி நேரம்கூட ஆகாது.

"நீ எந்த வழியா வாரே?"

"வாய்க்கால் கரை வழியா டீச்சர். சுத்திதான் வருவோம்."

"அந்தப் பாதை?"

"அது லேட்டானா மட்டும்."

"ஏன் சுத்தணும்?"

பக்கத்தில் இருந்த அவள் சிநேகிதி செல்வராணியைப் பார்த்துக் கண்ணைக் காட்டினாள். "இவ கதை முடியணும்லா டீச்சர். குறுக்க வந்தா பாதியிலே ஸ்கூல் வந்திரும்."

மாலை அந்தப் பாதையில் நடந்து பார்த்தேன். பதினொரு நிமிடம். இத்தனை ஆண்டு இந்த ஊரில் இருந்தும் இப்படி ஒரு வழி இருப்பதை நான் கவனித்ததே இல்லை.

நவம்பர் 13, புதன்

ஜெசிந்தா கேட்டபடி தலைமையாசிரியர் அனுமதித்துவிட்டார். இன்றிலிருந்து இருபத்தாறாம் தேதி வரை மஞ்சள் வேன் வாய்க்கால் பாலத்திலேயே நிற்கும். பதினான்கு பேரும் அங்கிருந்து நடக்க வேண்டும். கூடப் போவது நான்.

சுடலை அண்ணனுக்கு வருத்தம். "புள்ளையள நடுவழில இறக்கிவிட்டான்னு என் பேருதான் கெடும் டீச்சர்" என்றார். ஒரு தகப்பனார் பாலத்துக்கே பைக்கில் வந்து நின்றார். வெயிலில் பெண் கறுத்துப்போவாள் என்றார். நவம்பர் மாதம், மேகம் மூடியிருக்கிறது, அவர் தலையிலேயே தூறல் விழுகிறது.

"அப்பா, நீங்க போங்க" என்றாள் நிவேதிகா பல்லைக் கடித்துக்கொண்டு.

முதல் நாள் யாரும் பேசவில்லை. காலணியைப் பார்த்துக்கொண்டே நடந்தார்கள்.

நவம்பர் 15, வெள்ளி

கறிவேப்பிலை உருவிக்கொண்டே உலகு சொன்னாள்.

"மதினி, கோமதிநாயகம் சார் வீட்டை விக்காவளாம். மகன் சொல்லிட்டானாம், இனிமே இங்க என்ன இருக்குனு. இருவத்தாறாம் தேதி பதிவு. சாரும் ஓசூர்ல இருந்து வாராவளாம். காலைல வந்துட்டு மத்தியானமே போறாவ."

"அப்படியா" என்றேன்.

"பாக்கப் போவியளா?"

"செவ்வாய்க்கிழமை. டெஸ்ட் இருக்கும்."

உலகு என்னைப் பார்த்தாள். பிறகு காம்புகளைக் கூட்டி அள்ளிக்கொண்டு போய்விட்டாள்.

கோமதிநாயகம் சார் கணக்கு ஆசிரியர். அடுத்த தெரு. பத்தொன்பது ஆண்டு நாங்கள் சேர்ந்து பள்ளிக்கு நடந்தோம். எட்டு முப்பதுக்குப் பாலத்தில் நிற்போம். தென்காசி போகும் முதல் பஸ்ஸின் நான்கு இலக்க எண்ணை எடுத்துக்கொள்வோம். கூட்டியோ கழித்தோ பெருக்கியோ வகுத்தோ அந்த நான்கிலிருந்து பத்து கொண்டுவர வேண்டும். பள்ளி வாசலை எட்டுமுன் விடை வர வேண்டும், இல்லாவிட்டால் மறுநாளும் அதே எண். 3478 எங்களுக்கு நான்கு நாள் நடையாக ஆனது. ஐந்தாம் நாள் உடைந்த மதகைத் தாண்டும்போது எனக்கு வந்தது: மூன்றிலிருந்து ஏழு வகுத்தல் நான்கைக் கழித்து எட்டால் பெருக்கு. அவர் நின்று, குடையை மடக்கிக் கக்கத்தில் வைத்துக்கொண்டு, தலைக்கு மேல் இரண்டு கையையும் கூப்பினார். மழை பெய்துகொண்டிருந்தது.

ஊர் பார்த்துக்கொண்டேதான் இருந்தது. ஆளுக்கொரு குடை, நடுவில் மூன்றடி இடைவெளி. பார்க்க என்ன இருக்கிறது? அவர் மனைவி சிவகாமி பதினொரு ஆண்டு படுக்கையில் இருந்தார். நான் ஞாயிற்றுக்கிழமைகளில் போய் அவருக்கு வார இதழ் வாசித்துக் காட்டுவேன். நான்கு ஆண்டுக்கு முன் சிவகாமி இறந்ததும் மகன் வந்து சாரை அழைத்துப் போய்விட்டான்.

நான் எதையும் விட்டுவிடவில்லை என்று நினைக்கிறேன். இவ்வளவுதான்.

நவம்பர் 18, திங்கள்

பதினொன்றாம் தேதி எழுதியது பொய். தென்னந்தோப்புப் பாதை எனக்குத் தெரியும். இந்த ஊருக்கு மாற்றலாகி வந்த முதல் வாரமே தெரியும். கோமதிநாயகம் சார் விடுப்பு எடுக்கும் நாட்களில் நான் அதில்தான் போவேன். எனக்கு ஒரு ஆண்டு முன்னதாக அவர் ஓய்வு பெற்றார். என் கடைசி ஆண்டு முழுவதும் அதில்தான் போனேன். பதினொரு நிமிடம்.

அவர் இங்கேயே பிறந்தவர். அவருக்கு அந்தப் பாதை தெரியாமல் இருக்குமா?

தாளைக் கிழிக்கலாமா என்று யோசித்தேன். மாணவர்களிடம் தப்பைக் கிழிக்காதே, ஒரு கோடு போடு என்று சொல்லித்தானே பழக்கம். கோடும் போடவில்லை.

நவம்பர் 20, புதன்

வேன் பிள்ளைகள் பேச ஆரம்பித்துவிட்டார்கள். இன்று மதகில் ஒரு சாரைப்பாம்பு. அது எவ்வளவு நீளம் என்று பள்ளி வரை சண்டை. நாலு அடி என்றும் ஒன்பது அடி என்றும். கடைசியில் நிவேதிகா, "மதகுக் கல்லு எத்தனை அடினு நாளைக்கு அளப்போம், பாம்பு ரெண்டு கல்லு இருந்திச்சுல்லா" என்றாள். யாரும் சொல்லிக்கொடுக்கவில்லை. நான் பின்னால் பேசாமல் வந்தேன்.

தாள் திருத்தினேன். 'ள' அடிப்பதில் பெரிய மாற்றம் இல்லை. புதிரை விட்டுவிட்டுச் சும்மா இருப்பவர்கள் குறைந்திருக்கிறார்கள். தப்பாகப் போட்டாலும் போட்டுப் பார்க்கிறார்கள். அதற்கு ஜெசிந்தாவின் அட்டவணையில் கட்டம் இல்லை.

நவம்பர் 24, ஞாயிறு

தலைக்குத் தேய்த்துக் குளித்தேன். பச்சைக் கரைச் சேலையைத் தேய்த்து வைத்தேன். செவ்வாய்க்கிழமைக்கு என்று இல்லை.

உலகு கேட்டாள்: "பத்து மணிக்குப் பதிவாம் மதினி. ஒரு நாள் டெஸ்ட்டை வேற டீச்சர் பாத்துக்கிட மாட்டாவளா?"

"அன்னைக்குத்தான் வேன் பிள்ளையளுக்குக் கடைசி நாள். ஆள் மாறுனா கணக்கு கெட்டுரும்."

இது உண்மை. ஆள் மாறினால் கணக்கு கெடும்தான்.

நவம்பர் 26, செவ்வாய்

காலை வழக்கம்போல் பாலத்தில் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு நடந்தேன். பேச்சிமுத்து சைக்கிளை உருட்டிக்கொண்டே எங்களுடன் சேர்ந்துகொண்டான். சைக்கிள்காரனுக்கு இங்கே என்ன வேலை என்று கேட்டதற்கு, பாம்பு விவகாரம் முடியவில்லை என்றான். கடைசி நாள் என்பதால் நான் அவர்களுக்குப் பஸ் எண் விளையாட்டைச் சொன்னேன். இன்றைய எண் 2964. பதினைந்து பேரும் ஒரே நேரத்தில் கத்திக்கொண்டு வந்தார்கள்.

டெஸ்ட் முடித்து, தாள்களை அடுக்கி, உறையில் போட்டு, ஒட்டி, மேலே எண் எழுதி, தலைமையாசிரியரிடம் கொடுத்தபோது மணி பத்தே முக்கால். எல்லாவற்றையும் நிதானமாகத்தான் செய்தேன். பிறகு ஏன் ஆட்டோ பிடித்தேன் என்று தெரியவில்லை.

சார்பதிவாளர் அலுவலகத்துக்கு எதிரே டீக்கடை பெஞ்சில் அவர் இருந்தார். இடது கையில் கம்பு. மெலிந்திருந்தார். மகன் உள்ளே ஏதோ நகல் வாங்கிக்கொண்டிருந்தான்.

"வாங்க டீச்சர். நல்லாருக்கியளா?"

"நல்லாருக்கேன். முடிஞ்சிட்டா?"

"கையெழுத்துப் போட்டாச்சு. பத்து நிமிசந்தான். கட்ட எட்டு மாசம் ஆச்சு." சிரித்தார். "டீ குடிங்க."

குடித்தேன். முட்டி பற்றிச் சொன்னார். வலது முட்டியாம். ஓசூர் குளிர் ஒத்துக்கொள்ளவில்லையாம். நான் ஐந்து வார ஆராய்ச்சியைப் பற்றிச் சொன்னேன். குழாய்த் தண்ணீர் உதாரணத்தையும் சொன்னேன். அவர் தலையை ஆட்டிக் கேட்டுக்கொண்டிருந்துவிட்டுச் சொன்னார்:

"காலைல பாத்தேனே உங்கள."

"எங்க?"

"பாலத்துல. எட்டரைக்கே வந்திட்டேன். மகன்ட்ட சொல்லி காரை அரச மரத்துக்கிட்ட நிப்பாட்டச் சொன்னேன். நீங்க புள்ளையளோட போய்ட்டு இருந்திய. கொஞ்ச தூரம் பின்னாலயே வந்தேன், கால் எடுக்கல."

"கூப்பிட்டிருக்கலாமே சார்."

"கணக்குல இருந்திய டீச்சர். எல்லாரும் யோசிச்சிட்டு இருந்தியளா, ஊடால எப்படிக் கூப்பிட?"

எங்களுக்குள் அப்படி ஒரு வழக்கம் உண்டு. ஒருவர் யோசிக்கும்போது மற்றவர் பேசக் கூடாது. பத்தொன்பது ஆண்டும் அதை நாங்கள் மீறியதில்லை. அதனால்தான் எத்தனையோ சொல்லாமல் போனது என்று இப்போது எழுதுகிறேன். அங்கே பெஞ்சில் உட்கார்ந்திருந்தபோது, "டீ ஆறுது" என்றுதான் சொன்னேன்.

மகன் வந்தான். கதவைத் திறந்து அவர் காலைத் தூக்கி உள்ளே வைத்தான். கார் திரும்பி, தெரு முக்கு வரைக்கும் மெதுவாகப் போனது.

நவம்பர் 27, புதன்

வேன் இன்று பள்ளி வாசலுக்கே வந்தது. நிவேதிகாவும் ஆறு பேரும் பாலத்தில் இறங்கி நடந்து வந்தார்கள். சுடலை அண்ணன், "என் மேல தப்பில்ல டீச்சர், அவுகளே குதிச்சிட்டாவ" என்றார்.

நவம்பர் 30, சனி

தலைவலி. உலகு ரசம் வைத்தாள்.

டிசம்பர் 7, சனி

ஐந்து வாரம் நேற்றோடு முடிந்தது. தாள்களை வாரா வாரம் அனுப்பி வந்ததால் ஜெசிந்தா இன்றே போன் செய்தாள்.

"டீச்சர், நடக்கிற பிள்ளைங்க முதல் அஞ்சு நிமிஷம் கொஞ்சம் வேகமாத்தான் தொடங்குதாங்க. ஆனா முப்பத்தெட்டுப் பேரை வச்சு அடிச்சுச் சொல்ல முடியாது. வீட்ல சாப்பிட்டு வந்திச்சா, எத்தனை மணிக்குத் தூங்குச்சு, எவ்வளவோ இருக்கு."

"சரிம்மா."

"ஆனா நீங்க பென்சில்ல சேர்த்தீங்கள்ல, யாருடன்னு. துணையோட வாரவங்க புதிரை விடவே மாட்டேங்கிறாங்க. அடுத்த தடவை அந்தக் கேள்வியை அச்சுலயே போடணும்."

சந்தோஷமாக இருந்தது. பிறகு அவள் கொஞ்சம் தயங்கினாள்.

"டீச்சர், முப்பத்தொன்பது படிவம் இருக்கு."

"மாதிரிக்கு ஒண்ணு நிரப்பினேன். உறையில சேர்ந்திருக்கும். கிழிச்சிரு."

"ஆமா, உங்க பேர் இருக்கு. எப்படி, நடந்து. எத்தனை நிமிடம், இருபத்தஞ்சு. யாருடன்..." நிறுத்தினாள். "நாங்க படிக்கிறப்ப நீங்க ரெண்டு பேரும் வாரதை வச்சுத்தான் டீச்சர் மணி பாப்போம்."

போனை மறு காதுக்கு மாற்றிக்கொண்டேன்.

"நீங்க வந்தேன்னு போடல டீச்சர். வருகிறேன்னு போட்டிருக்கீங்க."

மாதிரி என்றால் அப்படித்தானே போட வேண்டும். பிள்ளைகள் எதை எழுத வேண்டுமோ அதைத்தான் காட்ட வேண்டும். இதை அவளிடம் விளக்க ஆரம்பித்து, பாதியில் விட்டுவிட்டேன்.

டிசம்பர் 8, ஞாயிறு

உலகு பருப்பு புடைத்துக்கொண்டிருந்தாள். எதிரே போய் உட்கார்ந்தேன்.

"மாடி ரூம் சும்மாதான கிடக்கு" என்றேன்.

அவள் முறத்தை நிறுத்தவில்லை. "சும்மாதான் கிடக்கு. ஒட்டடை அடிக்கணும். ஃபேன் ஓடுதானு பாக்கணும். உங்க தம்பிட்ட நான் சொல்லிக்கிடுதேன்."

"எதுக்குனு கேக்கலையே."

"பதினேழு வருசமா இந்த வீட்டுல இருக்கேன் மதினி" என்றாள்.

டிசம்பர் 9, திங்கள்

காலை ஒன்பது மணிக்கு ஓசூருக்குப் போன் செய்தேன். மருமகள் எடுத்தாள். மாமா குளிக்கிறார், என்ன விஷயமென்று அவரிடம் சொல்வது என்று கேட்டாள். பத்தொன்பது ஆண்டில் விஷயம் இல்லாமல் நான் அவரை அழைத்ததில்லை. பரீட்சைத் தாள், மாற்றல் ஆணை, ஓய்வூதியப் படிவம், சிவகாமிக்கு மருந்து.

"விஷயம் ஒண்ணும் இல்லம்மா. அவங்ககூடப் பேசணும்."

"சரிங்க ஆன்ட்டி" என்றாள்.

ஒன்பதே முக்காலுக்கு அவரே கூப்பிட்டார். நான் எழுதி வைத்திருந்தேன். தாளைப் பார்க்காமலே சொல்லிவிட்டேன்.

"பொங்கலுக்கு வாங்க சார். வீடு இல்லையேனு நினைக்க வேண்டாம். எங்க மாடில ரூம் இருக்கு. பத்து நாள் இருக்கலாம், ஒரு மாசம் இருக்கலாம், போகணும்னே இல்ல. கால் முடியலைனா நடக்க வேண்டாம். நீங்க இங்க இல்லாம எனக்குப் பொழுது போகல."

கடைசி வரி தாளில் இல்லை.

இணைப்பு போய்விட்டதோ என்று போனைப் பார்த்தேன். நொடி ஓடிக்கொண்டிருந்தது.

"மாடிப்படி எத்தனை டீச்சர்?"

"பதினாறு."

"கைப்பிடி இருக்கா?"

"ஒரு பக்கம் இருக்கு."

"எந்தப் பக்கம்?"

சட்டென்று சொல்லத் தெரியவில்லை. இருங்க என்று சொல்லிவிட்டுப் போனோடு ஓடிப்போய்ப் படிக்குக் கீழே நின்று பார்த்தேன். "ஏறும்போது இடது பக்கம்."

"எனக்குக் கம்பு இடது கைல" என்றார். "வலது பக்கந்தான் வேணும்."

வெல்டிங் பட்டறைக்காரர் வியாழக்கிழமை வந்து அளவெடுப்பதாகச் சொல்லியிருக்கிறார்.